மேக்ரோவுக்கு ஓர் இலக்கணம்

திங்கள்

பழைய சி நிரல் ஒன்றிலிருந்து மேக்ரோ வரையறைகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். '#', டிஃபைன், பெயர், உடல். இலக்கணத்தின் எலும்புக்கூடு இவ்வளவுதான். கருவி ட்ரீ-சிட்டர்.

செவ்வாய்

இன்று முழுக்க ஒரே ஒரு ஸ்பேஸோடு போனது. மேக்ரோ பெயரை ஒட்டி '(' வந்தால் அது ஆர்குமெண்ட் வாங்கும் மேக்ரோ. நடுவில் ஸ்பேஸ் விழுந்துவிட்டால் அதே '(' உடலின் முதல் எழுத்து; அர்த்தமே வேறு. இத்தனைக்கும், மேக்ரோவைப் பயன்படுத்தும் இடத்தில் ஸ்பேஸ் விட்டாலும் ஒன்றும் ஆகாது. வரையறுக்கும் இடத்தில்தான் இந்தக் கறார். ஸ்பேஸை லெக்சரிலேயே தூக்கிப் போடுவது நம் வழக்கம். போட்டுவிட்டால் பார்சர் இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. அதனால்தான் சி தரநிலை, முன்னால் வெற்றிடம் இல்லாத '(' என்பதற்கென்றே தனிக் குறி வைத்திருக்கிறது. ட்ரீ-சிட்டரிலும் 'டோக்கன் இம்மீடியட்' இருக்கிறது. அழகான ஏற்பாடு.

புதன்

வரிக் கடைசியில் '\' வந்தால் அடுத்த வரியை ஒட்ட வேண்டும். தரநிலைப்படி இது இரண்டாம் கட்டம். டோக்கன் பிரிப்பதும் கமெண்டை ஸ்பேஸாக மாற்றுவதும் மூன்றாம் கட்டம். ஆகவே பெயருக்கும் '('க்கும் நடுவே ஒரு கமெண்ட் இருந்தால், அதுவும் ஸ்பேஸ்தான்! இந்த வரிசையை மாற்றவே கூடாது.

வெள்ளி

உடலை சி கோவையாகவே பார்ஸ் செய்துவிடலாமே என்று ஆசை வரும். அந்த ஆசைக்கு மருந்து, 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த ஸ்டீவ் போர்னின் ஷெல். அல்கோல் 68 சாயலில் எழுதுவதற்காக அவர் மேக்ரோக்களை அடுக்கினார். அவருடைய 'இஃப்' மேக்ரோ ஓர் அடைப்புக்குறியைத் திறந்து அப்படியே விட்டுவிடும்; 'தென்' மேக்ரோ வந்து அதை மூடி, '{' ஒன்றைத் திறக்கும். தனித்தனியே எடுத்தால் இரண்டுமே சி வாக்கியம் அல்ல. ஆனால் இரண்டும் முறையான மேக்ரோக்கள். '##' இன்னும் ஒரு படி மேலே: அது ஒட்டித் தரும் டோக்கன், மேக்ரோ விரியும்போதுதான் பிறக்கிறது. வரையறையில் அதைத் தேடினால் கிடைக்காது.

சரிபார்க்க முடிந்தவை சிலவே. உடலின் தொடக்கத்திலோ முடிவிலோ '##' வரக்கூடாது. ஆர்குமெண்ட் வாங்கும் மேக்ரோவில் '#'க்குப் பின் அளபுருவின் பெயர் வர வேண்டும். 1999 தரநிலை முதல் அளபுருப் பட்டியல் மூன்று புள்ளிகளில் முடியலாம்.

மற்றபடி, உடல் என்பது வரி முடியும்வரை வரும் டோக்கன்களின் வரிசை. சி இலக்கணத்தை அதற்குள் நுழைய விடாதீர்கள்.