வங்கி கேட்பதும் நாம் கொடுப்பதும்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப் பாதை முடிந்து குருமனைக்குத் திரும்பியபோது, நம் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவரும் அவருடைய மூத்த மகளும் திண்ணையில் காத்திருந்தனர். "தோத்திரம் சாமி" என்று எழுந்தவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மகள்தான் பையிலிருந்து வங்கி அனுப்பிய கடிதத்தை எடுத்து நீட்டினாள். கல்விக் கடனில் மூன்று தவணைகள் நிலுவை என்று அதில் கண்டிருந்தது.

அந்தக் கடனுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. அப்பெண் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியபோது, "எதுல சேக்கலாம் சாமி?" என்று தந்தை நம்மிடம்தான் வந்து கேட்டார். ஆங்கில இலக்கியம் என்று நாம் தயங்காமல் விடை சொன்னோம். குருமடத்தில் நமக்கு ஆங்கிலம் கற்பித்த முதிய தந்தை மாலைதோறும் உரக்க வாசித்துக் காட்டிய பக்கங்கள் இன்னும் நம் செவியில் நிற்கின்றன. அந்த ஆசையை இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவைக்கிறோம் என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை. வங்கி மேலாளருக்கு நற்சான்றுக் கடிதமும் எழுதிக் கொடுத்தோம். வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை.

சுயநிதிக் கல்லூரி, கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு 80,000 ரூபாய். மூன்றாண்டுகளுக்கு 2,40,000. நான்கு இலட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்பதில்லை. பெற்றோர் உடன் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. தவணை இல்லையென்றால் வட்டியும் இல்லை என்று அந்தக் குடும்பம் எண்ணியிருந்தது. மெய்யாகச் சொன்னால் நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் பணம் கல்லூரிக்குப் போன நாள்முதல் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுக்கு 10½ வீதம், தவணை தொடங்கும் முன்னரே 75,600 ரூபாய் ஏறி, கடன் 3,15,600 ஆகிவிட்டது. பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 4,260. பதினைந்தாண்டு என்றால் 3,490 ஆகக் குறையும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 6,28,000 ஆகியிருக்கும். கணக்கில் என்றுமே தேறாத நாம் தாளில் மூன்று முறை போட்டுப் பார்த்தோம். விடை மாறவில்லை.

ஏழை மாணவரின் வட்டியை நடுவண் அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஆண்டு வருமானம் 4½ இலட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கானது அது. ஆனால் தொழிற்படிப்புக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும் மட்டுமே. பொறியியல் படிக்கும் கொத்தனார் மகனுக்குக் கிடைக்கும் சலுகை, ஷேக்ஸ்பியரைப் படிக்கும் கொத்தனார் மகளுக்கு இல்லை. கட்டும் வட்டிக்கு வருமான வரியில் கழிவும் உண்டாம். வரி கட்டுமளவு வருமானம் இருந்தாலல்லவா!

பி.ஏ. பட்டத்தோடு பள்ளி ஆசிரியை ஆக முடியாது, பி.எட். வேண்டும், அதுவும் 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. கல்லூரியில் கற்பிக்க எம்.ஏ.வும் தகுதித் தேர்வும் வேண்டும். எதற்கும் மறுபடியும் பணம். சென்னையில் ஓர் அழைப்பு மையத்தில் இரவுப் பணிக்குப் போனாள், மாதம் 14,000. விடுதிக்கும் உணவுக்கும் போக எஞ்சியது தவணைக்கே காணவில்லை. உடல் நலிந்து ஆறாம் மாதம் திரும்பி வந்தாள்.

"நம்ம பள்ளிக்கூடத்துல ஏதாவது வேலை இருக்குமா சாமி?" என்று அவள் கேட்டாள். பள்ளியின் தாளாளர் நாமே. மழலையர் வகுப்புக்கு உதவி ஆசிரியை தேவையாகவும் இருந்தது. 8,500 ரூபாய் என்றோம். "சரி சாமி" என்றாள். அவள் மனத்துக்குள் கழித்துப் பார்த்தது நமக்குத் தெரிந்தது. வங்கிக்குப் போக மீதி 4,240.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஊழியர்க்கு நீதியான, தகுந்த ஊதியம் கொடுக்கவேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1286-ஆம் எண் நிர்வாகிகளுக்கு விதிக்கிறது. தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளாகிய மே முதல் நாளில், பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய தொழிலாளர் மடலைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை ஆற்றுகிறோம். அந்த மறையுரைத் தாள் மேசை அறையிலேயே கிடந்தது. அடியில் பள்ளிச் சம்பளப் பேரேடு.

பேரேட்டைத் திறந்தோம். சுயநிதிப் பிரிவில் ஆசிரியைகள் 22 பேர். ஆளுக்கு 3,000 உயர்த்தினால் ஆண்டுக்கு 7,92,000. பிள்ளைகள் 400 பேர். தலைக்கு 1,980 கூடுதல் கட்டணம். கட்டப்போகிறவர்களோ பீடி சுற்றும் தாய்மாரும் கூலிக்குப் போகும் தந்தையருமே. ஆகாது என்று மூடிவைக்கவிருந்தோம். அப்போது கோவில் கணக்கு நினைவுக்கு வந்தது: திருவிழா வாணவேடிக்கைக்கும் ஒளியலங்காரத்துக்கும் 2,10,000, கோவில் முகப்பு வளைவுக்கென ஒதுக்கியது 5,00,000. பள்ளிக் கணக்கு வேறு, கோவில் கணக்கு வேறு என்பது மெய்தான். அந்த வேற்றுமை நமக்கு வசதியாக இருந்தது என்பதும் மெய்.

பங்குப் பேரவையில் எளிதாக முடியவில்லை. "திருநாளைக் கொறச்சா பக்கத்து ஊருக்காரன் சிரிப்பான் சாமி" என்றார் ஒரு பெரியவர். இரண்டு கூட்டங்களுக்குப் பின் வளைவு ஒத்திவைக்கப்பட்டது. ஜூன் முதல் எல்லா ஆசிரியைகளுக்கும் 1,500 உயர்வு. பிள்ளைக்கு 500 கட்டணம், எஞ்சிய 1,96,000 கோவிலிலிருந்து. அவளுக்கு இப்போது 10,000. இது நீதியான ஊதியமா என்று அந்தப் பெரியவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றே சொல்லியிருப்போம். வங்கிக்கும் அவளோடு சென்றோம். தவணைக் காலத்தைப் பதினைந்தாண்டாக நீட்டித் தந்தார்கள். மாலையில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறாள். அவர்கள் வாசிக்கும் குரல் குருமனை வரை கேட்கிறது.

சென்ற மாதம் கொத்தனார் மறுபடியும் வந்தார். இளைய மகளும் ஆங்கிலமே படிக்க விரும்புகிறாளாம். இம்முறை அவர் நம் கருத்தைக் கேட்கவில்லை, செலவைக் கேட்டார். பேருந்தில் போய்வரும் தொலைவிலுள்ள அரசு கலைக் கல்லூரியில் முதலில் முயலுமாறும், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளாதலால் 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு எழுதிப்போடுமாறும் சொன்னோம். விண்ணப்பத்தை நிரப்பித்தர நாம் பேனாவை எடுத்தோம். "அக்கா நிரப்பிருவா சாமி" என்று அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.