மூன்றாவது ஒயர்

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் கார் ஒன்று எம்மிடம் உண்டு. தவக்காலத்து மாலை ஒன்றில் அது மேடேற மாட்டாமல் குலுங்கியது. பட்டறைக்காரர்கள் ‘மிஸ்ஸிங்’ என்பார்களே, அதுதான். முந்திய வாரம் கார்புரேட்டரைக் கழுவித் தந்த மெக்கானிக் தம்பி மீதே எம் ஐயம் விழுந்தது. பட்டறையில் பலர் நடுவே அவரைக் கடிந்தும் பேசிவிட்டோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் கையுறை அணிந்து, நான்கு பிளக் ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். உழைக்கும் சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் இஞ்சின் தடுமாறும். மூன்றாவதைக் கழற்றியபோதோ ஒரு மாற்றமும் இல்லை. இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிட்ட அந்தச் சிலிண்டரை எண்ணி எமக்குச் சற்றே அச்சம்கூட வந்தது. அதன் பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றியும் குறை இடம் மாறவில்லை. ஆகவே பிளக் பழுதன்று. ஒயரை மீண்டும் மாட்டி, பட்டறை விளக்கை அணைத்தார். இருளில், ஒயரின் வெடிப்பிலிருந்து நீலப்பொறி இஞ்சின் இரும்பின் மீது தாவிக்கொண்டிருந்தது.

மாற்றும்படி ஓராண்டுக்கு முன்பே அவர் சொன்ன ஒயர்கள் அவை. செலவை எண்ணித் தள்ளிப் போட்டவர்கள் நாமே.

புது ஒயர்கள் மாட்டியதும் இஞ்சின் சீராக ஓடிற்று. கூலி எவ்வளவு என்று கேட்டோம். ஒயர்களின் விலையை மட்டும் சொன்னார். நாம் கடிந்தபோது சூழ நின்றவர்கள் அதற்குள் கலைந்து போயிருந்தனர்.