வெள்ளைக்காரன் விட்டுப்போன மட்டை

பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் கோயில் கொடியேற்றங்களுக்கு முன்னரே ஒரு திருவிழா வந்துவிடும். மத்திய கல்லூரியும் சுண்டுக்குளிப் பரியோவான் கல்லூரியும் மூன்று நாள் ஆடும் கிரிக்கெட், வடக்கின் பெருஞ்சமர். 1904இல் தொடங்கியது. யுத்தகாலத்தில் இடையிடையே தடைப்பட்டதே ஒழிய அற்றுப்போகவில்லை.

மத்திய கல்லூரி மைதானத்துக்குப் பக்கத்தில்தான் மணிக்கூட்டுக் கோபுரம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்த நினைவாகக் கட்டியது. அதை அண்ணாந்து பார்ப்பவர் அன்றைக்கு எவருமில்லை. பிள்ளைகள் ஐஸ்பழக்காரனைச் சுற்றி நிற்பார்கள். கிழவர்களின் மடியில் கச்சான் சுருள். விக்கெட் ஒன்று விழுந்தால் போதும், பெடியள் கொடியோடு எழும்பி ஆட, பான்ட் வாத்தியம் காதைப் பிளக்கும். என் மச்சான் பரியோவான், நான் மத்தி. மூன்று நாளும் எதிரெதிர்க் கூடாரம். ஆனால் மத்தியானச் சோற்றுப் பார்சல் அங்கிருந்து வரும், பின்னேரத் தேத்தண்ணி இங்கிருந்து போகும். என் மனைவிக்கோ யார் வென்றாலும் ஒரு பக்கம் முகம் தூக்கிக்கொண்டிருக்கும் என்பதுதான் கவலை.

போன முறை லண்டனிலிருந்து வந்த பெறாமகன் கேட்டான்: "பெரியப்பா, இது எங்களை ஆண்ட வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆட்டம்தானே, இதுக்கேன் இவ்வளவு கொண்டாட்டம்?"

நியாயமான கேள்விதான். மத்தியை 1816இல் வெஸ்லியன் பாதிரிமார் தொடங்கினார்கள். பரியோவான் 1823இல் ஆங்கிலிக்கன் மிஷனில் பிறந்தது. வேதம் பரப்ப வந்தவர்கள். மட்டையும் பந்தும் பின்னால் வந்தவை. அந்த வெஸ்லியன் பள்ளியில்தான் ஆறுமுக நாவலர் படித்தார், படிப்பித்தார், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். பிறகு அவர்களிடம் கண்ட பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், பிரசங்கம் மூன்றையும் சைவத்துக்கென்று திருப்பினார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. வேண்டியதை எடுத்தார், வேண்டாததை அங்கேயே விட்டார். அதற்காக நன்றிப்பா பாடவில்லை. இன்று யாழ் இந்துவும் கொக்குவில் இந்துவும் திருநீறு பூசிக்கொண்டே தங்களுக்கென ஒரு சமர் ஆடுகின்றன. கேட்டால் பாதிரிமார் திகைத்திருப்பார்கள்!

எடுக்கக் கூடாததையும் எடுத்தோம், மறைப்பானேன். இங்கிலீசு தெரிந்தவனுக்குக் கதிரை, தெரியாதவனுக்குத் திண்ணை என்ற வழக்கம் எங்கள் வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. வெள்ளைக்காரன் 1948இல் போய்விட்டான், கதிரை போகவில்லை. பேரனின் உச்சரிப்பைப் புகழ்ந்துகொண்டு, தமிழில் கடிதம் எழுதத் தெரியாததைச் சிரித்துக் கடக்கும் பெற்றாரை இன்னும் பார்க்கிறேன். கிரிக்கெட்டைவிட அதுதான் என்னை உறுத்துகிறது.

பெறாமகனுக்கு இதையெல்லாம் நான் சொல்லி முடிக்குமுன் எங்கள் பெடியன் ஒரு சிக்ஸர் அடித்தான். பெறாமகனும் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தான். பங்குனியில் ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்கவேண்டாம், வெயில் பொல்லாதது.