பேச வந்தவர்களுக்கு என்ன கொடுத்தோம்?

சாலிகிராமம் அருணாசலம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த அறை. ஒரு காலத்தில் சீரியல் டப்பிங் நடந்த இடம். சுவரில் பழுப்பேறிய பஞ்சு அட்டைகள், மூலையில் மடித்துப் போட்ட ஜமுக்காளம், மேசையில் ஒரு மைக், ஒரு மடிக்கணினி. உள்ளே போனதும் முதலில் ஃபேனை நிறுத்தினார்கள். நவம்பர் மாதம் என்பதால் தப்பித்தேன்.

இங்கேதான் தயாராகிறது, 2020-இல் நான் விடாமல் கேட்டுவந்த சினிமா பாட்காஸ்ட். நடத்துபவர் மூவர்: உதவி இயக்குநராக இருந்த ஒருவர், ஒலிப்பதிவு படித்த ஒரு பெண், கணக்குவழக்கு பார்க்கும் அவருடைய தம்பி. நடிகர்களை அழைப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். நெகட்டிவ் கட்டிங் செய்தவர், தியேட்டர் ஆபரேட்டர், லைட்மேன், காஸ்ட்யூமர், யூனிட்டுக்குச் சமைத்தவர் ஆகியோர்தான் விருந்தினர்கள்.

அந்த வருடத்தை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கொரோனாவால் மார்ச் 19 முதல் படப்பிடிப்பு நின்றது. தினக்கூலியில் வாழும் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு மூட்டை அரிசியாவது கிடைக்க உதவுங்கள் என்று திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியின் தலைவர் ஆர்.கே. செல்வமணி வெளிப்படையாகக் கேட்டார். மே மாதம் எடிட்டிங், டப்பிங் வேலைகளுக்கு அனுமதி வந்தபோதும் ஓர் அறைக்கு 5 பேர்தான். சினிமா படப்பிடிப்பு மீண்டும் தொடங்க செப்டம்பர் ஆனது. தியேட்டர் திறக்க நவம்பர் 10. அதுவும் பாதி இருக்கைகளுக்குத்தான். இடையில் பாடகர் எஸ்.பி.பி.யும் போய்விட்டார். எனக்கும் வருமானம் சுருங்கியிருந்தது, தூக்கம் போயிருந்தது. இரவில் காதில் மாட்டிக்கொள்ள இந்தக் குரல்கள் இருந்தன. அவற்றை உண்டாக்குபவர்களைப் பார்த்து நன்றி சொல்லலாம் என்றுதான் போனேன்.

வேலை எப்படி நடக்கிறது என்று அந்தப் பெண் காட்டினார். எல்லோரும் அவரை “பாப்பா” என்று கூப்பிடுகிறார்கள். முப்பது வயதைத் தாண்டியவர். ஊரடங்கில் விருந்தினர் யாரும் இங்கே வர முடியவில்லை. வாட்ஸ்அப் அழைப்பை அப்படியே பதிவு செய்தால் குரல் தகரம் போல வரும், நடுநடுவே விழுங்கும். அதனால் விருந்தினர் வீட்டில் இரண்டு போன் வேண்டியிருந்தது. ஒன்றில் பேச்சு, இன்னொன்று வாய்க்குப் பக்கத்தில் ஒரு டம்ளர்மேல் சாய்ந்து நின்று பதிவு செய்யும். தொடங்கும்போது ஒருமுறை கைதட்ட வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பிறகு விருந்தினரின் பதிவையும் கேள்வி கேட்பவரின் பதிவையும் ஒன்றோடொன்று பொருத்துவார். பொருத்தினாலும் வேலை தீராது. ஒவ்வொரு போனின் கடிகாரமும் கொஞ்சம் வேறு வேகத்தில் ஓடும். ஒரு மணி நேரப் பேச்சில், கேள்வி முடியுமுன்பே பதில் வந்து நிற்கும். அதைத் துண்டு துண்டாக நகர்த்தி இழுத்துப் பிடிக்க வேண்டும்.

“இரண்டாவது போன்தாண்ணே பெரிய பாடு. புள்ளைங்களுக்கு அதுலதான் ஆன்லைன் கிளாஸ். கிளாஸ் முடிஞ்சப்புறம்தான் தாத்தாவுக்குப் போன் கிடைக்கும்.”

ஆகவே பெரும்பாலான பதிவுகள் மாலை 6 மணிக்கு மேல். அப்போதுதான் குக்கர் விசிலடிக்கும், எதிர்வீட்டில் டிவி ஓடும். பேச்சுக்கு முன்பு அரை நிமிடம் எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்லி அந்த வீட்டின் மௌனத்தையும் பதிந்து வைக்கிறார். ரூம் டோன் என்பார்கள். இருமலையோ தும்மலையோ வெட்டினால் அந்த இடத்தில் ஒட்டுப்போட இதுதான் துணி. வெறுமையாக விட்டால் கேட்பவருக்கு லைன் கட்டானது போல இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, லேபில் நெகட்டிவ் கட்டிங் செய்த ஓர் அம்மா பேசியது. அதன் மூலப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். எடிட்டர் பாசிட்டிவ் பிரிண்டில் வெட்டி முடித்ததும், அதே அளவுக்கு நெகட்டிவை வெட்டி ஒட்டுவது அவர் வேலை. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, விளிம்பில் அடிக்கு ஒன்றாக அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்துப் பார்த்து ஷாட்டைத் தேடுவார். ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். திரையில் ஒரு நொடிக்கு 24. “பாசிட்டிவ்ல தப்பு பண்ணா இன்னொரு பிரிண்ட் போட்டுக்கலாம். நெகட்டிவ்ல கத்திரி பட்டா பட்டதுதான் கண்ணு” என்கிறார். அப்புறம் நீண்ட மௌனம். எங்கோ குக்கர் விசில். பிறகு, எத்தனையோ படங்களை வெட்டியும் பிரிவ்யூவுக்கு ஒருமுறைகூடத் தன்னைக் கூப்பிட்டதில்லை என்கிறார். குறையாகச் சொல்லவில்லை, பஸ் நம்பர் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

அந்த மௌனத்தைப் பாப்பா வெட்டவில்லை, விசிலையும் எடுக்கவில்லை. உதவி இயக்குநருக்கு இதில் உடன்பாடில்லை. கேட்பவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர் கட்சி. எனக்குப் பாப்பா செய்ததுதான் சரி.

தென்மாவட்டத்துத் தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர் பேசிய பகுதியும் எனக்குப் பிடித்தது. ரீல் முடியப்போகும்போது திரையின் மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். இரண்டாவது முறை மின்னியதும் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றிவிட வேண்டும். கார்பன் குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே, கண்ணை அந்த மூலையில் வைத்திருப்பாராம். எந்தப் படத்தின் கதையும் தனக்கு முழுசாகத் தெரியாது என்று சிரிக்கிறார்.

இவர்களுடைய பேச்சுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், நம்மிடம் வேறு சாட்சி குறைவு. தமிழின் முதல் பேசும் படமான 1931-ஆம் வருடத்து ‘காளிதாஸ்’ கிடைக்கவில்லை. நடராஜ முதலியாரின் மௌனப் படமான ‘கீசக வதம்’ கிடைக்கவில்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் எஞ்சியதாகச் சொல்லப்படுவது ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-இல்தான். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனி ஆளாகத் தகவல்களைச் சேர்த்துவைக்காமல் போயிருந்தால், எந்தப் படம் எப்போது வந்தது என்பதற்கே தடுமாறியிருப்போம். படத்துக்கே இந்தக் கதி என்றால், அதைக் கையால் தொட்டு வேலை செய்தவர்களின் அறிவை யார் எழுதி வைத்தார்கள்? அவர்கள் சொன்னால்தான் உண்டு.

பாப்பாவின் தம்பியிடம் கணக்கு நோட்டைக் கேட்டேன். விருந்தினர் என்ற பக்கத்தில், பெரும்பாலான பெயர்களுக்கு எதிரில் ஒரு சிறு தொகை எழுதியிருந்தது. முதல் சில பெயர்களுக்கு எதிரே காலி. “ஆரம்பத்துல எங்களுக்கே தோணலைண்ணே. ஒரு லைட்மேன் ஐயா பேசி முடிச்சிட்டு, ரீசார்ஜ் மட்டும் பண்ணி விடுப்பான்னு கேட்டாரு. அதுக்கப்புறம்தான்” என்றார். காலியாக இருந்தவர்களுக்கும் பிறகு அனுப்பிவிட்டார்களாம். தொகை பெரிதில்லை; இவர்களுக்கே விளம்பர வருமானம் கிடையாது.

இந்த ஒரு பக்கத்துக்காகவே அவர்களை மதிக்கிறேன். “உங்கள் நினைவுகளுக்கு நன்றி” என்று முடியும் எத்தனையோ சினிமா உரையாடல்களைக் கேட்டிருக்கிறோம். மைக்குக்கும் கேமராவுக்கும் பணம் இருக்கும். மூன்று மணி நேரம் பேசிய முதியவருக்கு ஒரு சால்வை. வேலையில்லாத வருடத்திலும் அதே சால்வைதான் என்றால், அந்த நன்றி பொய். தொழில் தெரிந்தவர் தன் தொழிலைச் சொல்லிக்கொடுப்பதும் உழைப்பே. அதற்குக் கூலி உண்டு.

இதுபோன்ற உரையாடல்களை நடத்துபவர்களுக்கும் தொடங்க நினைப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. செலவுப் பட்டியலில் மைக்குக்கு முன்னால் விருந்தினரின் தொகையை எழுதுங்கள். நிகழ்ச்சிக் குறிப்பில் அவர் பெயரை, அவர் செய்த வேலையோடு சேர்த்துப் போடுங்கள். வெட்டாத முழுப் பதிவை ஒரு பென்டிரைவில் போட்டு அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். அது அவருடைய சொத்து.