இழை பிடிக்கும் விரல்

மணிக்கட்டில் நெருக்குண்ட நரம்பை அறுவை செய்து விடுவித்தபின், எவ்வளவு குணம் என்று அளக்க ஒரு வினாத்தாள் இருக்கிறது. 1993-இல் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் வெளியிட்டது. வலி, மரத்துப்போதல் பற்றி 11 கேள்வி. அன்றாட வேலை பற்றி 8. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க்கு; குறைவாக வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர்! பொத்தான் போடுவது உண்டு, ஜாடி மூடி திறப்பது உண்டு. தறி இல்லை.

ஆர்.கே.பேட்டையில் ஒரு நெசவாளரிடம் கேட்டுப் பார்த்தேன். அறுவையாகி இரண்டு மாதம். ராத்தூக்கம் வந்துவிட்டது, அதற்கு 1. புத்தகம் பிடிப்பதா? சிரித்தார்.

"அறுந்த இழையை முடிச்சுப் போட வருகிறதா?" என்று நானாக ஒன்று சேர்த்தேன்.

"கண்ணால பார்த்துப் போட்டா வருதுங்க. முன்னெல்லாம் பார்க்கவே வேணாம், விரலே சொல்லும்."

2 போடுவதா, 4 போடுவதா?

"கூலி எவ்வளவு குறையுதோ, அதைப் போடுங்க ஐயா" என்றார்.