வாசிக்க முடியாத வினாத்தாள்



கண் தெரியாத மகனுக்கு விண்டோஸ் நல்லதா, மேக் நல்லதா என்று கேட்டு, கித்துல்கல தோட்டத்தில் வேலை செய்யும் தந்தை ஒருவர் வந்தார். பழைய மடிக்கணினிக்கே அவர் சீட்டுக் காசு எடுக்க வேண்டும்.

மேக்கில் வொய்ஸ்ஓவர் 2005 முதல் கூடவே வருகிறது, விலைதான் எட்டாது. லினக்ஸில் ஓர்கா இலவசம். ஆனால் பழுதானால் இங்கே பார்த்துத் தர ஆளில்லை. ஆகவே விண்டோஸ், அதில் என்விடிஏ என்றோம். பார்வையற்ற அவுஸ்திரேலியர் மைக்கல் கரன் 2006இல் தொடங்கியது, காசு இல்லை. அதோடு வரும் இ-ஸ்பீக் தமிழும் வாசிக்கும், இயந்திரக் குரல்தான்.

ஒரு மாதத்தில் பிள்ளை பழகிவிட்டான். நாங்களும் பெருமையாகப் போன தவணை வினாத்தாள்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். அடுத்த நாள் வந்து கேட்டான்: "சேர், இது தமிழா?"

எல்லாம் பாமினியில் அடித்தவை. பாமினியில் 'அம்மா' நம் கண்ணுக்குத்தான் அம்மா. கணினிக்கு அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்தக் குழப்பத்தைத்தான் அது அவனுக்கு வாசித்திருக்கிறது. மேக் வாங்கியிருந்தாலும் இதேதான். கலாசாலைக் காலம் தொட்டு நாங்கள் அடித்த குறிப்புகள் அத்தனையும் பாமினி. ஒருநாளும் இதை யோசித்ததில்லை.

இப்போது இரவில் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றுகிறோம். ஆங்கிலச் சொல் கலந்த இடமெல்லாம் மாற்றி குழப்பிவிடுகிறது, கையால் திருத்த வேண்டும். தரம் 9 வரலாறு முடிந்தது. விஞ்ஞானம் யாராவது பொறுப்பெடுப்பீர்களா?