வெளியிலிருந்து வரும் பரீட்சகர்

கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டு வாசலில் ஒரு பெயர்ப் பலகை இருந்தது. பெயருக்குக் கீழே பி.ஏ. (ஆனர்ஸ்) என்று மட்டும். எம்.ஏ. என்று போட்டுக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. அந்தக் காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இண்டர்மீடியட்டுக்குப் பிறகு மற்றவர்கள் இரண்டு வருஷத்தில் பி.ஏ. முடித்துக்கொண்டு வேலை தேடப் போய்விடுவார்கள். ஆனர்ஸ்காரர்கள் மூன்று வருஷம் ஒரே விஷயத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்படித் தேறியவர் மேற்கொண்டு பரீட்சை எழுதாமல், சில காலம் கழித்துப் பணம் கட்டி எம்.ஏ. பட்டத்தை வாங்கிக்கொள்ளலாம். பெரியப்பா கட்டவில்லை. "காசு குடுத்து வாங்கினதை எதுக்குடா வாசல்ல மாட்டணும்" என்பார்.

ஆனர்ஸ் என்றால் மரியாதை என்பதுதானே அர்த்தம். யாருக்கு யார் செய்யும் மரியாதை என்று சிறு வயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். "நம்ம வாத்தியாரைத் தெரியாதவன் நம்ம பேப்பரைத் திருத்தறான் பாரு, அதான்" என்றார். அப்போது புரியவில்லை. சென்னையில் அந்தப் படிப்பு 1950களின் கடைசியில் போயிற்று. புகுமுக வகுப்பு வந்தது, மூன்று வருஷ பி.ஏ. எல்லோருக்குமானது. ஆனர்ஸ் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் பலகையில் மட்டும் மிஞ்சியது.

அந்த வார்த்தையைத் தேடிக்கொண்டுதான் 1978இல் நான் டில்லிக்குப் போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. அப்பாவுக்கு அங்கே மாற்றலாகியிருந்தது மீதிப் பாதி. டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ், பாஸ் என்று இரண்டு கிளைகள். ஆனர்ஸில் ஒரு பாடம் பிரதானம். துணைக்கு ஸப்ஸிடியரி என்று வேறு சில. நான் எடுத்தது ஆங்கில இலக்கியம். கல்லூரியில் ஆசிரியர் பாடம் நடத்துவார். டியூடோரியலில் நாலைந்து பேரை உட்கார்த்தி வைத்து நாங்கள் எழுதிய கட்டுரைகளைக் கிழிப்பார். ஆனால் பட்டத்துக்கான மார்க்கு அவர் கையில் இல்லை. வருஷக் கடைசியில் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாகப் பல்கலைக்கழகம் ஒரு வினாத்தாள் அனுப்பும். விடைத்தாளில் ரோல் நம்பர் மட்டும். யார் திருத்துகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருந்தன. நல்லது, ஆசிரியரிடம் எங்களுக்குப் பயம் இல்லை. அவரோடு சண்டை போடலாம். சண்டை போட்டவனுக்கு மார்க்கு குறைக்க அவரால் முடியாது. கெட்டது, முகம் தெரியாத அந்த மனிதரை நாங்கள் ஒரு யந்திரமாகக் கற்பித்துக்கொண்டோம். யந்திரத்துக்கு என்ன போட்டால் என்ன வரும் என்பதே மார்ச் மாதத்துப் பேச்சு. பழைய வினாத்தாள்களும், 'குஞ்ஜி' என்று டில்லியில் வழங்கும் நோட்ஸ் புத்தகங்களும் கைமாறின. வெளியாள் என்பவர் வெறும் இருட்டாக இருந்தால் அவரை ஏமாற்றத்தான் தோன்றுகிறது. நான் இரண்டாம் வகுப்பில் தேறினேன். ஏமாற்றத் தெரிந்த அளவுக்கு அது நியாயமான மார்க்குதான்.

வெளியாளுக்கு முகம் இருக்கலாம் என்பதைப் பல வருஷம் கழித்து என் மகள் மூலம் தெரிந்துகொண்டேன். அவள் 2014இல் அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் சேர்ந்தாள். ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில், 1864இல் க்வேக்கர்கள் ஏற்படுத்திய சின்னக் கல்லூரி. ஃப்ராங்க் ஏடலாட் என்பவர் 1921இல் அதன் தலைவராக வந்தார். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். எல்லா மாணவர்களையும் ஒரே நடையில் நடத்திப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆனர்ஸ் முறையை 1922இல் அங்கே கொண்டுவந்தார். கடைசி இரண்டு வருஷம் வகுப்புகளுக்குப் பதிலாக ஸெமினார்கள். ஏழெட்டுப் பேர் வாரத்துக்கு ஒருநாள் மணிக்கணக்கில் உட்கார்வார்கள், சில சமயம் ஆசிரியர் வீட்டிலேயே. மாணவர்கள் கட்டுரை எழுதிக்கொண்டு வர வேண்டும், மற்றவர்கள் அதை விசாரிக்க வேண்டும். நடுவில் தின்பதற்கு ஏதாவது உண்டு. ஆசிரியர் பெரும்பாலும் வாயைத் திறக்காமல் இருப்பார், அல்லது இருக்க முயல்வார்.

ஆனால் இந்த முறையின் உயிர் ஸெமினாரில் இல்லை, முடிவில் இருக்கிறது. மே மாதத்தில் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து பரீட்சகர்கள் வருகிறார்கள். எழுத்துப் பரீட்சை அவர்களுடையது. அப்புறம் ஒவ்வொரு மாணவரையும் தனியாக எதிரில் உட்கார வைத்துக் கேட்கிறார்கள். ஆனர்ஸ், ஹை ஆனர்ஸ், ஹையஸ்ட் ஆனர்ஸ் என்று மூன்று படி. எந்தப் படி என்பதை வெளியார்தான் முடிவு செய்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவருக்கு அதில் வோட்டு இல்லை. காலப்போக்கில் எத்தனையோ மாறியிருக்கிறது. என் மகள் படித்தபோது பிரதான பாடத்தில் மூன்று, துணைப் பாடத்தில் ஒன்று என்று நான்கு தயாரிப்புகள். வெளிப் பரீட்சகர் மட்டும் மாறவில்லை.

அமெரிக்காவில் ஆனர்ஸ் என்றாலே இதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் நடப்பது வேறு. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கல்லூரியை உண்டாக்குகிறார்கள். அரிஸோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1988இல் வந்தது, பென்ஸில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1997இல் வந்தது எல்லாம் இந்த வகை. நுழையும்போதே பொறுக்கியெடுக்கிறார்கள். சின்ன வகுப்புகள், சில இடங்களில் தனி விடுதி, பாடங்களைப் பதிவு செய்வதில் முன்னுரிமை. சராசரி மார்க்கு ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. சாதாரண வகுப்பிலேயே ஆசிரியரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அதிகப்படி வேலை செய்தால் அதையும் ஆனர்ஸாகக் கணக்கு வைப்பதுண்டு. கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை. அதை மதிப்பிடுகிறவர்களில் முதல்வர் பெரும்பாலும் அதற்கு வழிகாட்டிய ஆசிரியரேதான். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய கதவு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெரியப்பா சொன்ன மரியாதை அதில் இல்லை.

2018 மே மாதம் பட்டமளிப்புக்காக நான் அங்கே போயிருந்தேன். மகளுக்குச் சரித்திரத்தில் வாய்மொழிப் பரீட்சை. மரத்தடி பெஞ்சில் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். இரண்டு வருஷமாக வகுப்பில் யாரும் கேட்காத ஒன்றைப் பரீட்சகர் கேட்டாராம். "உன்னுடைய முடிவுக்கு விரோதமாக நாளைக்கு ஓர் ஆவணம் கிடைத்தால், எழுதியதில் எதை முதலில் விட்டுக்கொடுப்பாய்?" அவள் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, இதை நான் யோசித்ததில்லை, உங்கள் எதிரிலேயே யோசிக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். பாக்கி நேரம் முழுவதும் இருவரும் யோசித்திருக்கிறார்கள்.

"என்னைவிட எங்க ப்ரொஃபஸர்தாம்பா பயந்துபோயிருந்தா" என்றாள் சிரித்துக்கொண்டே. அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது. நாற்பது வருஷம் முன்னால் என் ஆசிரியரும் எங்களுக்காகப் பயந்திருக்க வேண்டும். அவர் பயத்தை நாங்கள் பார்க்கவில்லை.

வெளியார் சரியாகவே சொல்வார் என்று நான் வாதாட வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஹௌஸ்மன் 1881இல் கடைசிப் பரீட்சையில் தோற்றார். பிற்பாடு கேம்பிரிட்ஜில் லத்தீன் பேராசிரியரானார். ஆடன் 1928இல் ஆங்கில இலக்கியத்தில் மூன்றாம் வகுப்பு வாங்கினார். அதே ஆடன் 1942 முதல் 1945 வரை ஸ்வார்த்மோரில் ஆசிரியராக இருந்தார், 1956இல் ஆக்ஸ்ஃபோர்டே அவரைக் கவிதைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. பரீட்சகர்களுக்குக் கண் இல்லாமல் போவது உண்டு. இருந்தாலும் அந்தத் தவறு ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே விழுவதில்லை. வெளியே விழுகிறது. இருவரும் சேர்ந்து அதைத் திட்டலாம்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிற நான் செய்தது என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில், ஆனர்ஸ் கடைசி வருஷத்து மாணவி ஒருத்தியின் ஆய்வுக் கட்டுரைக்கு என்னை வெளிப் பரீட்சகராகக் கூப்பிட்டார்கள். விஷயம் ஒரு நவீனத் தமிழ்க் கவிஞர். வழிகாட்டியவர் என் நண்பர். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். ரயிலில் கட்டுரையைப் படித்துக்கொண்டு போனேன். உழைப்பு இருந்தது, ஒழுங்கு இருந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் என் நண்பரின் குரல் கேட்டது. அவர் இருபது வருஷமாகக் கூட்டங்களில் சொல்லிவரும் வாக்கியங்கள், அவருடைய நிறுத்தம், அவருடைய 'ஆனால்'. அந்தக் கவிஞர் மேல் அவருக்கு இருக்கும் பக்தி அப்படியே அந்தப் பெண்ணிடம் இறங்கியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: 'இவர் எழுதியதில் தோற்றுப்போன கவிதை எது?'

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு நண்பரே வந்தார். அவர் வீட்டில் இட்லி. அவர் மனைவி என் மூட்டுவலியைப் பற்றி விசாரித்தார். வைவாவில் அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்தாள், நண்பர் பக்கத்தில். காகிதத்தைப் புரட்டினேன். பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. அதைத் தாண்டிப் போய், கவிஞரின் படிமங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்றேன். அவள் சொன்னாள். நண்பர் தலையை ஆட்டினார். உயர்ந்த மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன். மத்தியானம் மூவரும் சாப்பிட்டோம். நல்ல சாப்பாடு.

என்னை வெளியாள் என்று கூப்பிட்டார்கள். நான் உள்ளாளாகப் போய்விட்டு வந்தேன். நான் திருடியது மார்க்கு அல்ல. என் மகளுக்குக் கிடைத்த அந்த ஒரு நிமிஷ மௌனம் இந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவேண்டியதாக இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை. போன வருஷம் ஒரு கருத்தரங்கில் அவளைப் பார்த்தேன். இப்போது ஒரு கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறாள். மேடையில் அதே வாக்கியங்கள். முன்வரிசையில் அவளுடைய மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இது கல்லூரி விவகாரம், நமக்கு என்ன என்று சொல்லலாம். நம் காரியம் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நாம் மொத்தம் சில நூறு பேர். எழுதுகிறவர், அச்சுப் போடுகிறவர், முன்னுரை தருகிறவர், மதிப்புரை எழுதுகிறவர், வெளியீட்டில் பேசுகிறவர் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்கிறவர்கள். செல்லப்பா 1959இல் 'எழுத்து' ஆரம்பித்தபோதும் வட்டம் சிறியதுதான். ஆனால் அதற்குள் வெளியாளாக நிற்கச் சிலருக்குத் திராணி இருந்தது. உத்தியோகத்துக்காக வடக்கே போன வெங்கட் சாமிநாதன் அங்கிருந்தபடி எழுதினார். தூரம் அவருக்கு ஓரளவு உதவியிருக்கும். ஆனால் தூரம் மட்டும் போதாது என்பதற்கு நானே சாட்சி. நான் ரயிலில் இரண்டு ராத்திரி போயும் வெளியே போய்ச் சேரவில்லை.

இப்போது ஆனர்ஸ் திரும்ப வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டப்படி நாலு வருஷமும் 160 கிரெடிட்டும் முடித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வாங்கியவர் நாலாம் வருஷத்தில் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதலாம். டில்லியில் 2022இல் சேர்ந்தவர்கள் 2025இல் அந்த நாலாம் வருஷத்துக்கு வந்துவிட்டார்கள். கட்டுரைகள் குவியப் போகின்றன. நம்மில் சிலரைப் பரீட்சகர்களாகக் கூப்பிடுவார்கள். ஸ்டேஷனுக்கு நண்பர்கள் வருவார்கள்.

என் நண்பர் இதைப் படிப்பார். கோபித்துக்கொள்வார், அல்லது கோபம் இல்லாததுபோல் ஒரு கார்டு போடுவார். அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதுவும் அந்த வைவா மாதிரி முடிந்திருக்கும். அந்தப் பெண்ணும் ஒருவேளை படிக்கலாம். அம்மா, உங்கள் கட்டுரைப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்து ஓரத்தில் பென்சில் கேள்வியும் இருக்கிறது. மார்க்கு போட்டாகிவிட்டது, அதை யாரும் திரும்ப வாங்கப் போவதில்லை. பதில் எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுதுங்கள். உங்கள் ஆசிரியரிடம் காட்டாமல் எழுதுங்கள்.